சட்டைப் பையோடு போன பூட்டு

என் தோளில் உட்கார்ந்து திருவாடானைத் தேரைப் பார்த்த மாப்பிள்ளை பூமிநாதா,

நீ போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் மலைபோல் சேர்ந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை ஊராருக்குச் சொன்ன பிறகுதான் உனக்கு எழுதுகிறேன். முறைப்படி முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். எழுத்தில் பிழை இருந்தால் வழக்கம்போல் நீயே திருத்திக்கொள். ஏழாவதோடு நின்றவன் எழுத்து இது. எட்டாவதுக்கு நான் போகாததற்குக் காரணம், அந்த வாத்தியாரிடம் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

இந்தத் தாலுகாவுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது யார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் நெஞ்சைத் தட்டிக்கொள்வேன். மதுரையிலிருந்து தொண்டி பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான்தானே. கண்டக்டர் எழுந்து நின்று எனக்கு இடம் கொடுத்தார். வழியில் ஏறிய ஜனம் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பெட்டி உன்னுடையது, நீ சிவகங்கை வரை நின்றுகொண்டே வந்தாய் என்பதை மட்டும் சொல்ல எனக்கு நேரம் இருப்பதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீ டைப்பிங் கடை போட்ட புதிதில், தமிழ் அடிக்கிற சாஃப்ட்வேரை யாரிடம் கேட்டாலும் ஒரு சிடியில் சும்மா ஏற்றிக் கொடுத்தார்கள். நீதான் பிடிவாதமாக, பில் போட்டு வாங்கினாய். எதுக்குடா இந்த வீம்பு என்று கேட்டேன். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"வெல குடுத்து வாங்குனா அது நம்மளது மாமா. நாளைக்கு ஒருத்தன் வந்து இது உன்னுதில்லன்னு சொல்ல முடியாதுல்ல."

அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் வந்தது. பூட்டு என்று சொன்னாய். கம்ப்யூட்டருக்குப் பின்னால் அதைச் சொருகினால்தான் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும். சாயங்காலம் கடையை அடைக்கும்போது அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். கண்மாயில் குளிக்கப் போனாலும் சட்டையை மடித்து அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் இறங்குவாய். என் சோறே இதுக்குள்ளதான் மாமா இருக்கு என்பாய். கழுத்துத் தாயத்துபோல் ஏதோ ஒரு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு அதன் உள் விவகாரம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

மஞ்சள் காமாலை உன்னைப் பதினோரு நாளில் தின்று முடித்தது. நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலையும் சுருட்டுக்காரருக்குச் சுருட்டும் கூட வைத்துத்தான் மண் தள்ளுவோம். உனக்கு எதை வைப்பது? நீ வெற்றிலை போட்டதில்லை, பீடியைத் தொட்டதில்லை. கொடியில் தொங்கிய உன் சட்டையைத் தடவினேன், பூட்டு கையில் பட்டது. யாருக்கும் தெரியாமல் எடுத்து, உனக்குப் போட்டிருந்த புதுச் சட்டையின் பையில் வைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் கண்மாய் பாதிதான் பெருகியது. கண்மாய் நிறைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. காய்ந்தால் கேட்க ஒன்றுமில்லை. பாதி பெருகினால்தான் வம்பு. முன்பு இப்படித்தான் ஒரு வருஷம் தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் மம்பட்டியோடு வரப்பில் நின்றார்களே, அய்யனார் கோயிலில் உட்காரவைத்து நீதான் ஒரு வழி சொன்னாய். முதல் முறைத் தண்ணீர் மேலிருந்து கீழே. இரண்டாம் முறை கடைமடையிலிருந்து திருப்பி மேலே. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நீ கம்ப்யூட்டரில் அடித்தாய், பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு நான் விசிறினேன். மொத்த ஒப்பந்தத்தையும் நான்தான் சொல்லச் சொல்ல நீ அடித்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு முறைத் தண்ணீருக்குத் தேவையே வரவில்லை. கோயில் சுவரில் ஒட்டிய தாளின் மேல், கொடைத் திருவிழாவுக்கு வெள்ளையடித்தவன் சேர்த்து அடித்துவிட்டான். கோயில் பெட்டியில் வைத்த இன்னொரு தாளைக் கரையான் ஓரம் மட்டும் மிச்சம் வைத்து அரித்திருந்தது. முதல் முறை முடிந்ததும் தலைமடைக் கருப்பையா, இரண்டாம் முறையும் மேலிருந்துதான், எழுத்து இருந்தால் காட்டுங்கள் என்று மம்பட்டியை ஊன்றிவிட்டான். அன்றைக்கு ஒப்புக்கொண்டவர்களில் தலைமடை ஒன்று சொன்னது, கடைமடை வேறொன்று சொன்னது. ஊரில் ஒருத்தரும் பதறவில்லை. "அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல" என்றார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, ஒரே நாளில் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

உன் அம்மா, என் அக்கா, அந்தப் பெட்டியை வெள்ளை வேட்டி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை தவறாமல் தூசி தட்டி வைத்திருந்தாள். ஆனால் உயிர் இல்லை. ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர் கடைத் தம்பி நல்ல பிள்ளை. உள்ளேயிருந்து டிஸ்கைக் கழற்றி அவன் கம்ப்யூட்டரில் மாட்டினான். நீ அடித்ததெல்லாம் பேர் பேராக வரிசையில் இருந்தது மாப்பிள்ளை. அய்யனார் கோயில் முறை என்பதை இங்கிலீஷ் எழுத்தில் நீ போட்டு வைத்திருந்தாய். அதைத் திறந்தான். தமிழ் இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த வெள்ளைக்கார எழுத்தாக, எறும்புப் புற்று கலைந்த மாதிரி ஓடியது.

உன் சிடி இருக்கிறது, பில் இருக்கிறது, அட்டைப் பெட்டிகூட இருக்கிறது என்று எடுத்து வைத்தேன். இப்போது இருக்கிற விண்டோஸில் அது ஏறாது என்றான். பழைய விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றை எங்கேயோ தேடி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னான். போனேன். சிடியைப் போட்டான், ஏறிவிட்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அவன் கேட்டான்:

"அய்யா, இதுக்குப் பின்னாடி சொருகுற பூட்டு ஒண்ணு இருக்குமே. அது இல்லாம உள்ள விடமாட்டேங்குதே. எங்கன இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்வதற்கு வாயில் ஒரு கதையும் வரவில்லை.

பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டான், அப்படி ஒரு நம்பரே இல்லையாம். மதுரைக்குப் போனேன். நீ வாங்கிய கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். முன்பு அங்கே வேலை பார்த்தவரைப் பிடித்தேன். கம்பெனி இழுத்து மூடியாகிவிட்டது, வேறு பூட்டு செய்ய ஆள் இல்லை, இன்னொரு கம்பெனியின் புதுச் சாஃப்ட்வேர் வாங்கினாலும் இந்தப் பழைய எழுத்தை அது படிக்காது என்றார். நான் பில்லை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நிலம் வாங்கினால் வாங்கியவன் போன பிறகும் நிலம் இருக்கிறது. உழவு மாடு வாங்கினால், விற்றவன் ஊரைவிட்டே போனாலும் மாடு உழுகிறது. நீ கொடுத்தது நல்ல விலை, கையில் இருப்பது நல்ல ரசீது. விற்றவன் கடையை மூடினால் நம் வீட்டுக்குள் இருக்கிற பொருள் எப்படி ஊமையாகும்? அப்படியென்றால் நீ வாங்கியது என்னடா? திருட்டுக் காப்பியில் அடித்தவர்களுக்குப் பூட்டும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. பில் போட்டு வாங்கிய உன் எழுத்துதான் உள்ளே மாட்டிக்கொண்டது. இதில் யார் ஏமாந்தது?

ஊரில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டும், கப்பல் ஏறிவிட்டான், இன்னும் நாலு நாள் என்று அளந்துவிட்டேன். ரசித்துக் கேட்டார்கள். அந்த நாலு நாளில் கடைமடை வயல் காய்ந்து வெடித்தது.

உனக்கு வேலம்மாவைத் தெரியும், கடைசி மடையில் ஒண்டியாக வெள்ளாமை பார்க்கிற பெண்பிள்ளை. கண்மாய்க் கரையில் என்னை மறித்துக் கேட்டது.

"அண்ணே, அந்தப் பொட்டி வாயத் தொறந்துச்சா?"

"தொறந்துரும்த்தா."

"கதிரு பால் பிடிக்கிற நேரம்ணே. ஒரே ஒரு தண்ணி. அது போதும். அமெரிக்காக்காரன் எப்ப வாரான்னு மட்டும் பொய் சொல்லாமச் சொல்லுங்க."

தலைமடைப் பக்கம் நடந்தேன். என் வயல் தலைமடையில் இரண்டாவது வயல். அன்றைக்கும் அதில் தவளை கத்திக்கொண்டிருந்தது. கருப்பையா வரப்பில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சித்தப்பு, தொறக்கலையாமே. நல்லதுதானே. நீயும் தலைமடைக்காரன்தானே, அது தொறக்காமலே கிடக்கட்டும்."

அவன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. என்னை இத்தனை பேர் இத்தனை நாள் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரு தடவைகூட உறைத்ததில்லை. இது உறைத்தது. கோயிலில் நீ அடித்துக்கொண்டிருந்தபோது, "மாமா, ரெண்டாவது முறையில ஒங்க வயலுக்குக் கடைசியாத்தான் வரும், பரவாயில்லையா" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாயே, விசிறியை நிறுத்தாமல் பரவாயில்லை என்று சொன்னேனே. அதற்குச் சாட்சி நீயும் நானும்தான். நீ மண்ணுக்குள்.

மறுநாள் காலையில் கோயிலில் ஊரைக் கூட்டினேன். கம்ப்யூட்டர் திறக்காது, இனி எப்போதும் திறக்காது, அதில் இருப்பதை நான் சொல்கிறேன், இரண்டாம் முறை கடைமடையிலிருந்துதான் என்றேன்.

"ஒம் பேச்சை எப்படி எடுக்குறது?" என்றான் கருப்பையா. "கண்மாய்க் கரையில அஞ்சு தலை நாகத்தைப் பாத்தேன்னு சொன்ன ஆளு நீ."

"அது ஒத்தத் தலைதான்" என்றேன். "சாரைப் பாம்பு."

கூட்டம் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாக நான் காப்பாற்றி வந்த பாம்பு அது மாப்பிள்ளை. அதை விட்ட பிறகு மற்றதையும் விடுவது சுலபமாக இருந்தது. பூட்டு தொலையவில்லை, என் கையால் பூமிநாதனின் சட்டைப் பையில் வைத்துப் புதைத்தேன் என்று சொன்னேன். உன் அம்மா அங்கே பெண்கள் பக்கம் நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

தோண்டிப் பார்த்தால் என்ன என்று ஒரு குரல் வந்தது. யார் என்று உனக்குச் சொல்லமாட்டேன், அவனும் உன்னோடு படித்தவன்தான். அக்கா முன்னால் வந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"எம் பிள்ளைய நான் அனுப்பிவச்சாச்சு. யாரும் மம்பட்டியத் தொடக்கூடாது." பிறகு என்னைப் பார்த்தாள். "வெறும் பையோட போயிட்டானேன்னு நாலு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. இல்லைல்ல. அது போதும்."

நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். மடையைத் திறந்து அடைக்கிற கிழவர் முனியாண்டிதான் எழுந்தார். சொல்கிறவன் வயல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தன் பயிரைத் தானே காயப்போட்டு எவனாவது பொய் சொல்வானா என்று கேட்டார். கருப்பையா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கிழவர் கடைமடைக்குத் தண்ணீரைத் திருப்ப மடைப் பக்கம் நடந்தார்.

வேலம்மா வயலில் பால் பிடித்தது. நான் பார்த்தேன், கதிர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. என் முறை வந்தபோது கண்மாயில் சேறுதான் மிச்சம். என் வயலில் பாதி பதராகப் போய்விட்டது. பரவாயில்லை என்று அன்றைக்குச் சொன்னது அத்தனை சுலபமில்லை என்று இப்போது தெரிகிறது. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இரண்டு நாள் வயல் பக்கமே தலை வைக்கவில்லை.

முறையை நீள நோட்டில் நாலு பிரதி எழுதியிருக்கிறோம். எழுதியது நான், அதனால் பிழைக்குக் குறைவில்லை. கருப்பையாவும் கையெழுத்துப் போட்டுவிட்டான். உன் டிஸ்க் அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பாதித் தாலுகாவின் கல்யாணப் பத்திரிகையும், எத்தனையோ பேர் கலெக்டருக்குப் போட்ட மனுவும் அதற்குள் கிடக்கின்றன. யாருடைய வாழ்க்கைக்கு எது என்றைக்குத் தேவைப்படுமோ, அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் காலில் தெம்பு இருக்கும் மட்டும், இரண்டாம் முறை வருகிற ஒவ்வொரு வருஷமும் என் மடையை என் கையாலேயே அடைப்பேன். பிறகு வாய்க்கால் வழியே தண்ணீரோடு கடைசி வயல் வரை நடப்பேன். அது உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு உனக்கு எழுதுவேன். எவ்வளவு தண்ணீர் போனதோ அவ்வளவுதான் எழுதுவேன், ஒரு சொட்டும் கூட்டமாட்டேன்.

உன்னை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன்,
சொக்கலிங்கம்