முப்பத்தொரு டிகிரியில் வராத சிகரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். சளிகூடப் பிடிக்கவில்லை.

போன வாரம் இரும்புத் தூளை எக்ஸ்ரே கருவியில் வைத்தேன். இரும்புப் படிகத்தில் அணுக்கள் குட்டிக் கனசதுரங்களாக வரிசையில் நிற்பதால், சில கோணங்களில் மட்டும் கதிர் பலமாகத் திரும்பி வரும். வரைபடத்தில் அங்கே சிகரம் எழும். என் கணக்குப்படி முதல் சிகரம் முப்பத்தொரு டிகிரியில். மூன்று முறை ஓட்டியும் வரவில்லை.

கூட ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டு அண்ணன் ஒருவர், "பேசாம ஒரு கோடு வரைஞ்சு விடு. யாரு பார்க்கப் போறா?" என்றார். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும் வரைபடத்தைக் காலி இடத்தோடு அப்படியே பேராசிரியையிடம் நீட்டினேன்.

"கனசதுரத்தின் மூலையில் மட்டுமா அணு இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. இரும்பில் நடுவிலும் ஓர் அணு உண்டு! அந்தக் கோணத்தில் மூலை அணுக்களின் அலை ஏறும்போது, நடு அணுவின் அலை இறங்குகிறது. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் இல்லாமல் போகின்றன. அந்தக் காலி இடம்தான் நடு அணுவுக்குச் சாட்சி. கோடு வரைந்திருந்தால் சாட்சியை நானே கலைத்திருப்பேன்.

தான் சொன்ன யோசனை தப்பாகிப் போனதில், பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. இங்கே தமிழில் பேச அவர் ஒருவர்தான். சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

அம்மாவை ஒரு தாளில் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மளிகை லிஸ்ட் ஆனாலும் போதும், அவள் கையெழுத்தில்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். முடிக்கிறேன்.

உங்கள்
சின்னவள்