இரண்டாவது ட்ரோபோனின்

சைலஸ் அவர்களுக்கு,

நேற்றிலிருந்து உங்களோடு பேசாத உங்கள் மனைவி லூயிசா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சங்கதியை இந்தச் சீட்டே சொல்லும்.

ஹாட் பாக்ஸில் இட்லி இருக்கிறது. மிச்ச மட்டன் குழம்பைத் தேட வேண்டாம், எதிர்வீட்டு மரியாவுக்குக் கொடுத்தாயிற்று. நேற்று உங்களை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தது அதுதான்.

சாயங்காலம் சபைப் பெண்கள் ஆப்பிளோடு நோயாளியைப் பார்க்க வருகிறார்கள். “இன்னா லூயிசா, வெறும் கேஸ் டிரபிளுக்கு ஊரையே கூட்டிட்டியே!” என்று நீங்கள் கத்தியது நியாயம்தான். இதயம் அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனினைப் பார்க்க மறுபடியும் ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதுமே, முதல் ரத்தத்தில் ஹார்ட் அட்டாக் தெரிந்துவிட்டது என்று உங்கள் மனைவி நினைத்துச் சபைக்குப் போன் போட்டுவிட்டாள். அட்டாக் வந்தாலும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரமாகும், அதனால்தான் இரண்டு தரம் பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்வதற்குள் நம் நந்திதுர்க் குடியிருப்பு முழுக்க ஜெபம் ஆரம்பித்துவிட்டது.

இரண்டுமே நார்மல்! ஆப்பிளைச் சிரித்த முகமாக வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வரும்போது ஏணியில் ஏறி நிற்காதீர்கள்.

சீட்டின் கீழே இடமில்லை, ஆனாலும்: ரிப்போர்ட்டைத் தேடாதீங்க. என் பையிலதான் கீது. பங்காருபேட்டை வரைக்கும் ரயில்ல அதையே படிச்சிக்கினு போறேன்.