என்னைவிட மூன்று வயது மூத்த நான்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

சரித்திரக் குறுநாவல் போட்டிக்கு இன்னும் ஐம்பத்தேழு நாள். இளவரசி செண்பகவல்லியைக் குதிரையில் ஏற்றிவிட்டேன், இறக்கத் தெரியவில்லை. நான் பார்த்த குதிரையெல்லாம் ஊட்டி ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளைச் சுமந்துகொண்டு சாணி போட்டபடி நடப்பவை.

கமலேஷ் படித்தான். பெற்ற பிள்ளை, இரக்கமில்லை. "அம்மா, உன் இளவரசி ஃபாக்டரி சூப்பர்வைசர் மாதிரியே எல்லாரையும் திட்டுறா." வேறு எப்படித் திட்டுவாளாம்? நான் பார்த்த ஒரே ராஜ்ஜியம், முப்பது வருஷமாகத் தேயிலைத் தூள் சலிக்கும் அந்த ஒரு ஹால்தான்.

ஆகஸ்ட் 12

ஓய்வுக் கடிதம் வந்துவிட்டது. செப்டம்பர் 30. ஐம்பத்தெட்டு முடிகிறதாம். எனக்கு ஐம்பத்தைந்துதான்! அப்பா வயதைக் கூட்டிப் போட்டுவிட்டார் என்பது வீட்டில் தெரிந்த விஷயம். சிலோனிலிருந்து வந்த ஐந்து வயதுக்காரியை நேரே மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் கால் தொங்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். "சர்டிபிகேட் என்ன சொல்லுதோ அதானுங்க வயசு, ராஜகுமாரி அம்மா" என்றார். மன்னர்கள் பிறந்த ஆண்டுக்காகப் புத்தகம் புத்தகமாகப் புரட்டுகிறவள் நான். என் ஆண்டுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 13

மழை. இளவரசி இன்னும் குதிரையில்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காந்தலுக்குப் போய் ராஜரத்தினம் அண்ணனைப் பிடித்தேன். அப்பா ஏன் மூணு வயசு கூட்டினாரு என்று கத்தினேன்.

"கூட்டல மருதாயி" என்றார். வீட்டில் கூப்பிடும் இந்தப் பெயரை விடவே மாட்டார். ஆள் முன்னால் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்கு முன்னால ராஜகுமாரின்னு ஒருத்தி இருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. பேரு மட்டும் குடும்பக் கார்டுல நின்னுடுச்சு. நீ பொறந்தத அப்பா பதியவே இல்ல. அதுக்குள்ள நம்மள இந்தியாவுக்கு அனுப்பக் கப்பலுக்கு நாள் குறிச்சிட்டாங்க. இருந்த பேருல இருந்த புள்ளைய ஏத்திட்டோம்."

பஸ்ஸில் சீட் மாறி உட்கார்ந்த மாதிரி சொல்கிறார்!

"ஏண்ணே இத்தன வருஷமா சொல்லல?"

"நீ கேக்கலியே."

அவளை எங்கே புதைத்தார்கள்? சிலோனில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள். கல் நட்டார்களாம். இப்போது இருக்காதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். யாருக்காக? அவள் பெயரில் படித்தேன், கல்யாணம் பண்ணினேன், ஊரை மிரட்டினேன். அவளுக்கு ஒரு கல் மிச்சமில்லை. எனக்கு ஒரு காகிதம் இல்லை. நல்ல குடும்பம்டா சாமி.

செப்டம்பர் 1

செண்பகவல்லியை அம்போவென்று விட்டுவிட்டேன். அவளுடைய அறுபது பக்கங்களின் பின்புறத்தில் வேறு கதை எழுதுகிறேன். முதல் வரி: 'தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது என் வயது எட்டு என்று சொல்லச் சொன்னார்கள்.'

"இது சரித்திரமா?" என்கிறான் கமலேஷ்.

ஐம்பது வருஷம் ஆச்சுடா. இன்னும் எத்தனை ஆகணும்?

செப்டம்பர் 14

அண்ணன் தினமும் போன். "நான் வர்ற எடத்துல கொஞ்சம் நல்ல சட்டையா போட்டு வுடு."

செப்டம்பர் 30

ஃபாக்டரியில் மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். 'ராஜகுமாரி அம்மாவின் உழைப்பு' என்று மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார். அக்காவுக்காகக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்கு வயது சரியாக ஐம்பத்தெட்டு, ஓய்வெடுக்கட்டும்.

வழியில் கூரியர் ஆபீசில் போட்டிப் படிவத்தை நிரப்பினேன். எழுத்து கோணல்.

கதையின் பெயர்: ராஜகுமாரி.

எழுதியவர்: மருதாயி.