துளசிக்குக் கட்டிய குடை

அன்பு மகள் இதிஸ்ரீக்கு அம்மாவின் ஆசிகள். பரோடாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க ஜகந்நாதர் துணை இருக்கட்டும். இங்கே அனைவரும் நலம் (எங்கள் இருமலும் பரம நலம். காதோரம் கிசுகிசுப்பது அம்மா, எழுதுவது உன் தம்பி குனா, அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு). போனில் பேசலாம்தான், ஆனால் குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லிசு, அந்தப் பக்கம் பிளாண்ட் சூப்பர்வைசரின் மச்சான்.

நீ படம் வரைந்த குழந்தைகள் புத்தகம் வந்தது, தெருப் பிள்ளைகள் பிய்க்காத குறை. ஊர்ப் பெயரே இல்லாமல் கவனமாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் அந்த நடுப்பக்கம், துளசி மாடம், வெயில் காலத்துக்கு அதன் மேல் தண்ணீர் கசியும் சொட்டுப் பானை, பிளாண்ட் புகைபோக்கிச் சாம்பல் விழாமலிருக்கப் பானைக்கும் மேலே குடை, இது நம் காலனியை விட்டால் வேறெங்கே உண்டு? வெல்ஃபேர் ஆபீசர் மொஹந்தி பார்த்ததுமே அப்பாவைக் கூப்பிட்டு, என்ன பெஹெரா, உம் பொண்ணு நம்ம பிளாண்டுக்கே குடை புடிச்சிட்டாளே என்று சிரித்தாராம். அன்றிலிருந்து அப்பாவின் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. டிபனோடு போகிறார், கேட்டில் நிற்கிறார், அதே டிபனோடு வருகிறார். பாஸ் இல்லையென்றால் குவார்ட்டர்ஸும் இல்லை (சாம்பலும் சம்பளமும் ஒரே இடத்திலிருந்துதானே வருகிறது அக்கா).

வழியும் மொஹந்தியே சொல்லியிருக்கிறார். அடுத்த பதிப்புல நாலு கோடு மழையப் போடச் சொல்லுய்யா, குடைக்கும் காரணம் கெடைக்கும், எனக்கும் தலைவலி போவும் என்றாராம். மழையில் எவளாவது துளசிக்குக் குடை கட்டுவாளா, சொட்டுப் பானைதான் தொங்கவிடுவாளா? ஆனால் அப்பா தண்ணீர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். மாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை, மாற்றாதே என்று சொல்லத் தைரியமில்லை. போட்டுவிடு மகளே, மழையைப் போட்டுவிடு.

சாயக் கையோடு சாப்பிடாதே, தலைக்கு எண்ணெய் வை. ஜூனில் ரஜ பண்டிகைக்கு மறக்காமல் வா, ஊஞ்சல் கட்ட இந்த வாசல் அதுவரை நமக்கிருந்தால்.

(அக்கா, மழை போடு என்றாரே தவிர என்ன நிறம் என்று ஆபீசர் சொல்லவில்லை. நம்மூர் முதல் மழை குடையிலிருந்து எப்படிக் கறுப்பாக வடியும் என்று உனக்குத் தெரியும். இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். காதைத் திருகினாள். ஆனால் இந்த வரிகளை வெட்டு என்று சொல்லவில்லை. பேனாவைக் கேட்கிறாள், கையெழுத்தைத் தானே போடுவாளாம்.)

இப்படிக்கு,
உன் அம்மா
சுனந்தா பெஹெரா