படம் அணைந்த டிவிக்கு முன்னால் நீங்கள்

அன்புள்ள என்னங்க,

நாற்பத்தோரு வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக வேறு பெயர் தேடத் தோன்றவில்லை.

முதலில் ஒரு திருத்தம். உங்களுக்குக் கண் தெரியாமல் போனது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கருமாதியன்று உங்கள் தங்கை சரசு, வந்தவர்களிடமெல்லாம், "பாவம் அண்ணி. அண்ணன் மறைச்சே வச்சிருந்திருக்காரு, அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். கோயம்புத்தூரிலிருந்து நம் மகளும் போனில் அதையே சொல்கிறாள். என்மேல் பழி வரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அது உண்மையில்லை. நீங்கள் போவதற்கு இருபது நாள் முன்பே எனக்குத் தெரியும்.

அந்த டிவியை வாங்கியதிலிருந்து சொல்கிறேன். நம் பழைய டிவியின் டியூப் போய்விட்டது. தெருவில் பாதிப் பேர் ரேஷன் கார்டைக் காட்டி அரசாங்கத்தின் இலவச டிவி வாங்கினார்கள். நமக்கு அது வேண்டாம் என்றேன். சுவரில் மாட்டும் தட்டை டிவியாகவே வாங்குவோம் என்றேன். "எதுக்கு வசந்தா, ரேடியோவே போதுமே" என்றீர்கள். நான் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

கான்வென்ட்டில் படித்த நாளிலிருந்து எதையும் எழுதிவைத்துக்கொண்டு செய்கிறவள் நான். உங்கள் நாற்காலியிலிருந்து சுவருக்கு ஒன்பதடி. அதற்கு முப்பத்திரண்டு அங்குலம் போதும், நாற்பது அதிகம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் முகம் வெளுத்துத் தெரியக் கூடாது. கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும், சாம்பலாக இருக்கக் கூடாது. இத்தனையும் நோட்டில் குறித்துக்கொண்டு உங்களை பாகலூர் சாலைக் கடைக்கு அழைத்துப் போனேன்.

சுவர் முழுக்க டிவி. ஒரே நடனம் பதினைந்து பெட்டியில் ஓடியது. எதைக் காட்டினாலும், "நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகர். பல்சக்கரத்தில் மயிரளவு பிசிறு இருந்தாலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர். அன்று டிவிகளின் ஓரத்தையும் அப்படித்தான் தடவினீர்கள். முதுகில் கை வைத்துச் சூடு பார்த்தீர்கள். ஒன்றைத் தொட்டு, "இது உறுதியா இருக்கு" என்றீர்கள். விற்பனைப் பையன் சிரித்தான். "ஐயா படத்தை விட்டுட்டுப் பெட்டியத்தான் பாக்குறாரு மேடம்."

எனக்கு மானம் போனது. திரையில் மூக்கு முட்டும்படி நிற்கிறீர்களே, பின்னால் வாருங்கள் என்றேன். வந்தீர்கள். வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிமேல் மோதி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது: "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?"

நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை எத்தனை நாள் பழகி வைத்திருந்தீர்கள்?

டிவி வந்தது. நீங்கள் தினமும் சாயங்காலம் குளித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தீர்கள். ஒருநாள் சானமாவுப் பக்கம் யானைகள் ராகிக் கொல்லையில் இறங்கியதைக் காட்டினார்கள். "எத்தனை இருக்கும் வசந்தா?" என்று கேட்டீர்கள். கண்முன்னால்தானே நிற்கிறது, நீங்களே எண்ணுங்கள் என்றேன். சற்று நேரம் கழித்து, "கூட்டமாத்தான் இருக்கு" என்றீர்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எட்டாவது மாதம் டிவித் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு போய்விட்டது. சத்தம் வந்தது, படம் இல்லை. நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது திரை கறுத்துக் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்துச் செய்தி கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் உடனே பேசியிருக்கலாம். பேசவில்லை. சோதித்தேன்.

"படம் எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. நீ பாத்து எடுத்ததாச்சே."

மறுநாள் நீங்கள் உங்கள் கூட்டாளியோடு மத்திகிரி கடைத்தெருவுக்கு நடக்கப் போன நேரமாகப் பார்த்து மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளிடம் சொல்லத் தோன்றாததை நான் ஏன் கேட்க வேண்டும்? இதைப் பொறுமை என்று நினைத்தேன். அது வீம்பு.

இருபதாம் நாள் காலை தண்ணீர் லாரி வந்தது. வாசலில் தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், அந்தச் சம்ப்பின், மூடியைத் திறந்துவிட்டது நான்தான். டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டான். எடுக்க உள்ளே வந்தேன். நீங்கள் நிலைப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். மூடி திறந்திருக்குங்க என்று வாய்வரை வந்தது. பார்வை உள்ளவர்களிடமும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அன்று அதைச் சொன்னால், எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். சொல்லாமல் உங்களைத் தாண்டிப் போனேன்.

அப்படி நினைத்ததுதான் காரணமா? இருபது நாள் கோபமா? எனக்கே பிடிபடவில்லை. சொம்பில் தண்ணீர் நிரம்புவதற்குள் டிரைவர் கத்தினான். திறந்த தொட்டிக்குள் கால் வைத்துவிட்டீர்கள், விளிம்பில் தலை அடித்திருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்தது.

கருமாதியன்று உங்கள் கூட்டாளி கிருஷ்ணப்பா வந்து அழுதார். ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம் என்று என்னிடம் சொல்லிவிட்டு உங்களை இரண்டு தடவை பஸ்ஸில் பெங்களூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது தான்தான் என்றார். சர்க்கரையால் வந்தது, இனிப் பார்வை திரும்பாது என்று டிவி வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். "அம்மாவுக்கு ஹேளபேடப்பான்னு சார் கையைப் பிடிச்சிக்கிட்டாரும்மா" என்றார். சொல்லாதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்பதற்குள் சரசு அவரைச் சாப்பிடக் கூட்டிப் போய்விட்டாள். இப்போது அவர் மகனோடு ஆனேக்கல் பக்கம் போய்விட்டார். இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். வரவில்லை. உங்கள் ஓய்வுபெற்றோர் சங்க இதழ் அவருக்குத் தவறாமல் போகிறது என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்க இந்த இதழிலேயே எழுதுகிறேன்.

இங்கே தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிறது. மேம்பால வேலையில் ஊரெல்லாம் தூசி. டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. அதை விற்றுவிடலாம் என்கிறாள் மகள். விற்கமாட்டேன். தினமும் போடுகிறேன், உட்கார்ந்து பார்க்கிறேன். அது எனக்கு வேண்டியதுதான்.

உங்களுக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். பாவம், அவளுக்குத் தெரியாது என்று இனி யார் சொன்னாலும், சொன்ன இடத்திலேயே மறுப்பேன். வருஷாப்திக்கு வரும் உறவுக்காரர்கள் முன்னாலும் மறுப்பேன்.

கிருஷ்ணப்பா, இது உங்களுக்கு. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டபோது காரணம் என்ன சொன்னார்? எனக்கு வருத்தம் வரும் என்றாரா, என்னைக் கண்டு பயம் என்றாரா? எதுவானாலும் அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். கன்னடத்தில் இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன். தயவுசெய்து கடிதமாகப் பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி,
வசந்தா