பால்கனியில் உங்கள் சட்டை

என் கப்பல்காரருக்கு,

இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்டால் "இன்ஜின் நலம்" என்று பதில் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் கம்பெனி ஆபீஸ்காரர்கள் இதை உங்களிடம் கொடுப்பார்கள். கையில் கிரீஸ் இருந்தால் துடைத்துவிட்டு, எங்காவது உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் உங்கள் நீலச் சட்டை இருந்ததே, துவைக்காமல் விட்டுவிட்டுப் போங்கள் என்று நானே கேட்டு வாங்கி வைத்தது, அதை வீட்டைவிட்டு நாடு கடத்திவிட்டேன். உங்கள் வியர்வையும் டீசலும் கலந்த அந்த வாடை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று பீற்றிக்கொண்டிருந்தேன் இல்லையா? ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்ததும் அதே வாடை என் வயிற்றைப் பிடித்துத் துணி பிழிவதுபோல் பிழிந்தது. சட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா அது, குப்பையா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்று சொன்னேன். மனுஷர் அதற்குப் பிறகு எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், மறுபடியும். நீங்கள் கப்பல் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முன்னால் பட்டறைக்குத் தெரிந்துவிட்டது, அது ஒரு கூத்து. என் பிழைப்பே மூக்கை வைத்துத்தான். சோப்புக்கட்டிகள் அடுக்குகளில் வாரக்கணக்கில் காய்ந்த பிறகு, பெட்டிக்குள் போகும் முன் அடுக்குக்கு ஒன்றை எடுத்து நான் முகர்ந்து பார்க்க வேண்டும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை லேசாக அடித்தாலும் அந்த அடுக்குக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நான் கட்டிய நூலை முதலாளியே அவிழ்க்க மாட்டார். அன்றைக்கு முதல் கட்டியை எடுத்தேன், சிக்கு. அடுத்தது, அதைவிட மோசம். அந்த வரிசை முழுக்கச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் முதலாளி தலையில் கைவைத்து நிற்கிறார். "ஏம்மா, கடையையே மூடச் சொல்றியா?" என்கிறார். ஆளாளுக்கு எடுத்து முகர்ந்தார்கள். வேன் டிரைவர்கூட முகர்ந்துவிட்டு, "நல்லாத்தானே மணக்குது, வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டார். ஒரு கட்டியிலும் குற்றம் இல்லை.

கம்பி வைத்துச் சோப்பு வெட்டுகிற அக்கா மட்டும் எதையும் முகரவில்லை. வந்து ஒவ்வொரு நூலாக அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று மெல்லக் கேட்டாள். விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் மருந்துக்கடையில் டெஸ்ட் அட்டை வாங்கி வந்து பார்த்தேன், இரண்டு கோடு. இப்போது என்னை லேபிள் ஒட்டும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

போன தடவை நான் உண்டாகியிருந்தபோது, எப்படி இருக்கிறது என்று நீங்கள் போனில் கேட்டதற்கு, "சாப்பிட்டது ஒத்துக்கல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். கண் திறப்பதற்கு முன்பே வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிடும். பூட்டுச் சாவியை நக்கியது மாதிரி நாக்கில் ஒரு இரும்பு ருசி. அசையாமல் படுத்திருந்தால் போய்விடும் என்று படுத்திருப்பேன், போகாது. எழுந்தால் வயிறு எனக்கு முன்னால் எழுந்துவிடும். பேஸ்ட், ஃபிரிட்ஜ் கதவு, அடுத்த வீட்டில் வதங்குகிற வெங்காயம், எல்லாமே எதிரி. பச்சைத் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் விடாது, மஞ்சளாகக் கசப்பு மட்டும் வரும், விலா எலும்பு நோகும், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். அது முடிந்ததும் கொஞ்ச நேரம் உடம்பு அப்படியே அடங்கி நிற்கும், குளியலறைத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்திலேயே பசிக்கவும் செய்யும். காய்ந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துச் சப்பிக்கொண்டிருப்பேன். இதற்கு மசக்கை என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வைத்தவர் நிச்சயம் ஆம்பளை.

ஆனால் ஒன்று. தினமும் காலையில் அது வந்ததும் "வந்துட்டியா, வா" என்று சொல்கிறேன். வாய்விட்டே சொல்கிறேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

போன தடவை ஒரு நாள் அது வராமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைக்குக் குளித்தேன், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், பாட்டுக்கூடப் பாடினேன். போனில் சொன்னபோது நீங்கள், "இனிமே என் சம்பளம் சாப்பாட்டுக்கே பத்தாது" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள், திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாம் சிரித்துக்கொண்டிருந்த அன்றைக்கே குழந்தையின் துடிப்பு நின்றுபோயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். உங்களுக்குப் போன் போட்டு முடிவை மட்டும் சொன்னேன். உங்கள் பக்கம் இன்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது, அப்புறம் லைன் அறுந்துபோனது. லீவில் வந்தபோது நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழாயை ரிப்பேர் செய்தீர்கள், மின்விசிறியைத் துடைத்தீர்கள், திரும்பிப் போனீர்கள்.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டின் காலைகள் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டன. குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்கும். திறந்தால் யாரும் இல்லை, வாளியில் தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தச் சத்தம் என்னுடையதுதான், போன தடவை நான் போட்ட சத்தம். இந்த முறை வாந்தி தொடங்கியபோது எனக்குப் பயமே அதுதான். அதே நேரம், அதே கசப்பு. புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று என்னால் நினைக்க முடியவில்லை. போனதுதான் வழி தெரிந்து திரும்பி வந்து, கதவைத் திறக்கிறேனா என்று பார்க்கிறது என்றே தோன்றுகிறது. சோப்பு வெட்டுகிற அக்காவிடம் சொன்னேன். "வந்தது யாரா இருந்தா என்னடி, உள்ள கூப்பிட்டு உக்கார வை" என்றாள்.

இன்றைக்குக் காலை அது வரவில்லை.

கண் விழித்துப் படுத்தே இருந்தேன். நாக்கில் இரும்பு இல்லை. எழுந்தேன், பல் தேய்த்தேன், ஃபிரிட்ஜைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிக்கூட நின்றேன், ஒன்றுமில்லை. கடைசியில் பால்கனிக்குப் போய் அந்த முடிச்சை அவிழ்த்து, உங்கள் சட்டையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். நன்றாக இருந்தது. நீங்கள் பக்கத்தில் படுத்திருப்பதுபோல் அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தச் சட்டைக்குள்ளேயே கத்தி அழுதேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வாந்தி ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மத்தியானம் வா, பார்த்துவிடலாம் என்றார். தன்மையாகத்தான் பேசினார். போன தடவையும் எல்லோரும் தன்மையாகத்தான் பேசினார்கள். உங்கள் சட்டையை என் உடுப்புக்கு மேல் போட்டுக்கொண்டு சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை இரண்டு தடவை மடித்தும் நீளமாகத்தான் இருக்கிறது.

பார்த்துவிட்டு வந்து எழுதலாமே என்று கேட்பீர்கள். போன தடவை மாதிரி முடிவை மட்டும் உங்களுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. முடிவு தெரிவதற்கு முன்னால் உள்ள இந்தக் காலையை என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை, இதில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்கும்போது இது பழைய காலையாகிவிட்டிருக்கும், பரவாயில்லை. போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போவேன். மத்தியானம் அவர் என்ன சொன்னாலும், அடுத்த தடவை போனில் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு லைன் அறுந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும். நீங்கள் லீவில் இருந்த நாளெல்லாம் அதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் பக்கத்தில் எப்படிப் படுத்திருந்தேன் என்று தெரியவில்லை.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உள்ளே இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னால் முடிந்தவரை.

இப்படிக்கு,
உங்கள் மூக்குக்காரி

பின்குறிப்பு: இது இரண்டாவது கவர். முதல் கவரை ஒட்டுவதற்குப் பசையில் நாக்கை வைத்தேன். அவ்வளவுதான், அந்தப் பசை வாடை தொண்டைக்குள் இறங்கியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். குளியலறை வரைக்கும் போகவில்லை. வந்தது, விலா நோக நோக வந்தது, காலையில் சாப்பிட்ட ரொட்டி முழுக்க. தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், "வா, வா" என்று சொன்னேன். பசையாலா, பயத்தாலா என்று எனக்குத் தெரியாது, மத்தியானம்தான் தெரியும். இந்தக் கவரைத் தண்ணீர் தொட்டு ஒட்டுகிறேன், மூச்சை அடக்கிக்கொண்டு. உங்கள் சட்டை மறுபடியும் பால்கனியில் தொங்குகிறது. இன்னும் பல நாள் அது அங்கேயே தொங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.