புங்கந்தாங்கல் ஏரியில் மீதமிருக்கும் ஒன்பது கூடுகள்

அனுப்புநர்:
பி. மதிவதனி (வயது 24),
பறவைப் பதிவுக் குழு,
மாதா கோயில் தெரு, புங்கந்தாங்கல்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: தவறான பறவை ஆய்வறிக்கையை நம்பி ஏரியில் மண் கொட்டப்படுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் பதினோரு பேர். ஒன்பது பேர் ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் ஏரியைச் சுற்றி வந்து, பார்த்த பறவைகளைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறோம். மூன்று ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பாடத்துக்கும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2. கோடையில் நீர் வற்றிய ஏரித் தரையில் நெடுங்கால் உள்ளான் முட்டையிடும். முதல் ஆண்டு கூடுகளின் இடத்தை உள்ளபடி குறித்தோம். படம் எடுக்கக் காரில் வந்தவர்கள் நான்கு கூடுகளை மிதித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் யாரும் தேடி வராதிருக்க, இந்தக் கூடுகளை மட்டும், மூன்று கிலோமீட்டர் தள்ளி நாங்கள் பஸ் ஏறும் நிறுத்தத்தில் இருப்பதாகக் குறித்தோம். அது தவறு. ஒப்புக்கொள்கிறோம். இப்போது பதிவுகளைத் திருத்திவிட்டோம். உண்மையான இடங்களை எங்கள் குழுவின் ஜெபகுமார் அன்றன்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

3. ஏரியின் மேற்குப் பகுதியை லாரி நிறுத்துமிடமாக்க, தனியார் நிறுவனம் ஒன்று ஆய்வறிக்கை கொடுத்திருக்கிறது. ஏரியில் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. எங்கள் சென்ற ஆண்டுப் பதிவுகளை வைத்தே எழுதியிருக்கிறார்கள். ஏரியில் கூடுகள் இல்லையாம். பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு இருக்கின்றனவாம் (பக்கம் 9). டீக்கடைக்கும் நிழற்குடைக்கும் நடுவே, தார்ச்சாலையில் நீர்ப்பறவை எப்படி முட்டையிடும் என்று கையெழுத்திட்ட ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது.

4. 28.04.2025 முதல் டிப்பர் லாரிகள் மண் கொட்டுகின்றன. இவ்வாண்டின் பதினான்கு கூடுகளில் ஐந்து புதைந்துவிட்டன. எங்கள் குழுவின் மோகனப்ரியா தடுக்கப் போனபோது அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னது: "பஸ் ஸ்டாப்புல கீதுன்னு நீங்கதானம்மா எழுதுனீங்க? போய் அங்க தேடுங்க." பொய் எழுதியது நாங்கள், பார்க்காமல் கையெழுத்திட்டது அவர்கள். முட்டைகள் ஏன் புதைய வேண்டும்?

5. மே தின விடுமுறைக்கு நின்ற வண்டிகள் திங்கள் காலை ஏழு மணிக்குத் திரும்ப வரும். அதற்குள் ஓர் அலுவலரை அனுப்பி, மீதி ஒன்பது கூடுகளை நேரில் பார்க்கச் செய்து, குஞ்சுகள் பறக்கும் வரை இரண்டு மாதம் வேலையை நிறுத்திவைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்; முட்டைகள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். யாரும் வராவிட்டால், புதைந்த கூடுகளின் எண்ணிக்கையையும் சரியான இடத்தோடு பதிவு செய்வோம்.

இணைப்பு: நோட்டின் நகல், அறிக்கையின் 9ஆம் பக்கம், படங்கள்.

இடம்: புங்கந்தாங்கல்
நாள்: 02.05.2025

இப்படிக்கு,
பி. மதிவதனி
(குழுவின் பதினோரு பேருக்காக)